ஆட்டுவித்தவரும் ஆடியவரும்

தேடுபொறிக்குள் பேசும் எந்திரத்தைக் கொண்டுவந்து வைப்பதில் கூகிளுக்கும் மைக்ரோஸாஃப்டுக்கும் நடக்கும் போட்டி பற்றி நம் வட்டாரத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. ஒன்று: கூகிளின் தலைவர் மதுரையில் பிறந்தவர், மைக்ரோஸாஃப்டின் தலைவர் ஹைதராபாத்காரர், ஆகவே யார் ஜெயித்தாலும் பெருமை நமக்கு. இதற்குப் பதில் சொல்லிக் காகிதத்தை வீணாக்க வேண்டாம். மற்றது கொஞ்சம் கௌரவமான அபிப்பிராயம்: ஏகபோகத்துக்கு ஒரு எதிராளி முளைத்திருக்கிறான், இரண்டு முதலாளிகள் மோதிக்கொண்டால் வாசகனுக்கு லாபம், நாம் கவலைப்பட இதில் என்ன இருக்கிறது? கௌரவமானது என்பதாலேயே இதை எதிர்த்து எழுத வேண்டியிருக்கிறது. போட்டி நிஜமானதுதான். ஆனால் பணயமாக வைத்து ஆடப்படுவது அவர்களுடைய சொத்தல்ல. படிப்பவன் எழுதியவனிடம் போய்ச் சேர்வதற்கு இருந்த வழியை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

நடந்ததை வரிசையாகப் பார்க்கலாம். இந்தப் பேசும் எந்திரங்களுக்கெல்லாம் அடிப்படையான 2017ம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்கள் கூகிளின் ஆய்வாளர்கள் எட்டுப் பேர். 2021ல் லாம்டா என்ற பேசும் எந்திரத்தைக் கூகிள் மேடையில் காட்டியும் இருந்தது. தேடலுக்குள் கொண்டுவர மட்டும் தயங்கியது. 2022 நவம்பர் 30ல் ஓப்பன்ஏஐ சாட்ஜிபிடியை வெளியிட்டது. அந்த நிறுவனத்தில் 2019லேயே 100 கோடி டாலர் போட்டிருந்தது மைக்ரோஸாஃப்ட். 2023 பிப்ரவரி 6ல் கூகிள் அவசரம் அவசரமாகத் தன் பார்டை அறிவித்தது. மறுநாள் மைக்ரோஸாஃப்ட் உரையாடும் பிங்கை மேடையேற்றியது. கூகிளை ஆட வைத்தது நாங்கள்தான் என்பது ஜனங்களுக்குத் தெரிய வேண்டும் என்று பேட்டியும் கொடுத்தார் சத்ய நாதெள்ளா.

கூகிள் ஆடத்தான் செய்தது, முதல் அடியே தடுமாறியது. சூரிய மண்டலத்துக்கு வெளியே உள்ள கிரகத்தை முதன்முதலாகப் படம் பிடித்தது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி என்று பார்டின் விளம்பரத்திலேயே ஒரு பதில். அப்படிப்பட்ட முதல் படம் 2004ல், சிலி நாட்டிலுள்ள ஐரோப்பியத் தொலைநோக்கியால் எடுக்கப்பட்டது. ஒரே நாளில் கூகிளின் தாய் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் ஏறத்தாழ 10,000 கோடி டாலர் கரைந்தது. பொய்க்குச் சந்தை கொடுத்த தண்டனை இது என்று அன்று பலர் புளகாங்கிதம் அடைந்தார்கள். ஆனால் அதே வாரம் பிங்கின் வெள்ளோட்டத்தில், கேப் என்ற துணி வியாபார நிறுவனத்தின் வரவு செலவு அறிக்கையைச் சுருக்கித் தந்தபோது அதிலும் எண்கள் பிசகியிருந்தன. சில நாள் கழித்து அது வெளியே தெரியவும் வந்தது. சந்தை அதைப் பொருட்படுத்தவே இல்லை. பொய்தான் குற்றம் என்றால் இரண்டு பேருக்கும் அடி விழுந்திருக்க வேண்டும். சந்தை பயந்தது ராஜா தடுக்கி விழுந்துவிட்டார் என்பதற்காக. அவர் சொன்னது உண்மையா பொய்யா என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

மைக்ரோஸாஃப்டின் வியூகம் இன்னும் தெளிவானது. 2022ல் கூகிள் தேடல் விளம்பரங்களால் சம்பாதித்தது சுமார் 16,200 கோடி டாலர். மைக்ரோஸாஃப்டுக்குத் தேடல் என்பது ஒரு உபதொழில். இனிமேல் தேடலில் லாப விகிதம் என்றென்றைக்கும் இறங்கிக்கொண்டே போகும் என்று நாதெள்ளா பகிரங்கமாகச் சொன்னார். எதிராளியின் ஒரே கிணற்றை வற்றடிப்பதற்காகத் தன்னுடைய ஒரு வாளித் தண்ணீரைத் தியாகம் செய்கிற கணக்கு இது. வியாபாரத்தில் சாமர்த்தியமான கணக்குத்தான். அதில் வாசகன் எங்கே வருகிறான் என்பதுதான் என் கேள்வி. ஆரவாரமெல்லாம் அடங்கிய பிறகு, 2025ல், உலகத் தேடல்களில் பிங்கின் பங்கு நூற்றுக்கு நான்கைச் சுற்றித்தான் நின்றது. எதிராளி வளரவில்லை. மாறியது கூகிளின் பக்கம். எந்தக் காரியத்தைச் செய்ய ஏகபோகம் தயங்கிக்கொண்டிருந்ததோ அதைச் செய்யத் துணிவு கொடுத்ததுதான் இந்தப் போட்டியின் சாதனை.

என்ன காரியம் அது? கூகிளின் ஆரம்ப யோசனை ஒரு நூலகனின் யோசனை. பல கட்டுரைகள் மேற்கோள் காட்டும் கட்டுரை முக்கியமானது என்கிற கல்வித்துறைப் பழக்கத்தை இணையப் பக்கங்களுக்குப் பொருத்தினார்கள் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும். அதில் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது: உன் பக்கத்தை என் எந்திரம் படித்துக்கொள்ளும், பதிலுக்கு வாசகனை உன்னிடம் அனுப்பி வைக்கும். 2024 மே மாதம் அமெரிக்காவில் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே எந்திரத்தின் பதிலைக் கூகிள் வைக்க ஆரம்பித்தபோது அந்த ஒப்பந்தம் ஒரு தரப்பாகக் கிழிக்கப்பட்டது. ப்யூ ஆய்வு நிலையம் 2025 மார்ச்சில் அமெரிக்கர்களின் தேடல்களைக் கவனித்துப் பார்த்தது. எந்திரச் சுருக்கம் இல்லாத இடத்தில் நூற்றுக்குப் பதினைந்து முறை வாசகர்கள் ஏதாவது ஒரு பக்கத்துக்குப் போனார்கள். சுருக்கம் இருந்த இடத்தில் எட்டு முறை. சுருக்கத்துக்குள்ளேயே காட்டப்பட்ட மூலத்துக்குப் போனது ஒரே ஒரு முறை.

மூலத்தைத்தான் பக்கத்திலேயே காட்டுகிறார்களே என்று வக்காலத்து வாங்கும் நண்பர்கள் இந்த ஒன்று என்ற எண்ணை யோசிக்க வேண்டும். பதில்களின் தரம் நாளுக்கு நாள் கூடுகிறது என்பது அவர்களுடைய அடுத்த வாதம். கூடட்டும். தரம் கூடக்கூட மூலத்துக்குப் போகிறவன் இன்னும் குறைவான். ஆகவே என் ஆட்சேபத்துக்கு இந்த வாதம் பதிலாகாது, பலம் சேர்க்கும்.

கவிதையும் விமர்சனமும் எழுதுகிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. அந்த 2024 மே மாதத்தில் கூகிளின் எந்திரம் தினம் ஒரு சிறு கல்லாவது தின்னச் சொல்லிப் புவியியல் அறிஞர்கள் பெயரில் சிபாரிசு செய்தது. மூலம், தி ஆனியன் என்ற நையாண்டிப் பத்திரிகை. பிட்ஸாவில் பாலாடைக்கட்டி நழுவாமலிருக்கப் பசை சேர்க்கலாம் என்றது. அதற்கு மூலம், ரெட்டிட் அரட்டையில் பதினோரு வருஷத்துக்கு முன் யாரோ ஒருவன் அடித்த ஜோக். எல்லோரும் சிரித்தார்கள், கோளாறைச் சரிசெய்தார்கள், விவகாரம் முடிந்தது. எனக்கு இது கோளாறாகத் தோன்றவில்லை. அந்த முறையின் சுபாவமே வெளிப்பட்ட இடம். யார் சொன்னது, எங்கே சொன்னது, எந்தத் தொனியில் சொன்னது என்பதையெல்லாம் உரித்து எறிந்துவிட்டால் வாக்கியத்தில் மிஞ்சுவது தகவல் என்று ஒரு நம்பிக்கை. தொனி என்பது வாக்கியத்தின் மேல் பூசிய வர்ணம் என்கிற இந்த அசட்டுத்தனத்தோடு நாம் பாடப்புத்தகக்காரர்களிடமும் பொழிப்புரைக்காரர்களிடமும் எத்தனையோ வருஷமாகச் சண்டை போட்டு வந்திருக்கிறோம். இப்போது அதே பொழிப்புரை உலகத்தின் பெரிய நிறுவனங்கள் இரண்டின் மூலதனத்தோடு வந்து நிற்கிறது. நாம் போட்டியின் நன்மைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பழைய கூகிளுக்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று தீர்ப்பளித்தார். உலாவிகளிலும் கைபேசிகளிலும் தன்னையே முதல் தேடுபொறியாக வைப்பதற்கு 2021ல் மட்டும் அது கொடுத்த பணம் 2,630 கோடி டாலர் என்று விசாரணையில் வெளிவந்தது. ஆனால் 2025 செப்டம்பரில் பரிகாரம் சொல்லும் நேரம் வந்தபோது, பேசும் எந்திரங்களின் வருகை வழக்கின் போக்கையே மாற்றிவிட்டது என்று அதே நீதிபதி எழுதினார். குரோம் உலாவியை விற்க வேண்டியதில்லை. பிரத்தியேக ஒப்பந்தங்கள் கூடாது, ஆனால் பணம் கொடுப்பதற்குத் தடையில்லை. எதிராளி முளைத்துவிட்டான் என்பதே ஏகபோகத்துக்குக் கவசமாயிற்று. லாபம் வாசகனுக்கு என்ற நண்பர்கள் இந்த லாபத்தை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

இனி விளம்பரம். விளம்பரத்தால் வாழும் தேடுபொறி விளம்பரம் தருபவன் பக்கமே சாயும் என்று 1998லேயே எழுதியவர்கள் வேறு யாருமல்ல, பிரின்னும் பேஜும்தான். பிறகு எந்தக் கடை வைத்தார்கள் என்பது தெரியும். 2024 மே மாதம், விளம்பரத்தையும் எந்திர அறிவையும் சேர்ப்பது மனதை உறுத்துகிறது, அது எங்கள் கடைசிப் புகலிடம் என்றார் ஓப்பன்ஏஐயின் ஸாம் ஆல்ட்மன். 2026 ஜனவரியில் சாட்ஜிபிடியில் விளம்பரச் சோதனையை அந்த நிறுவனம் அறிவித்தது. கடைசிப் புகலிடத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். விளம்பரம் பதிலோடு கலக்காமல் தனியாக நிற்கும் என்கிறார்கள். பெயர் போட்டுப் பக்கங்களை வரிசைப்படுத்திய காலத்திலேயே சாய்வு நேரும் என்று அந்த இரண்டு பேரும் பயந்தார்கள். ஒரே குரலில் பதில் வரும் காலத்தில், சாய்வு எங்கே என்று எதனோடு ஒப்பிட்டு அறிவது?

பணம் எழுத்துக்குத் திரும்பி வரத்தான் செய்கிறது என்றும் சொல்வார்கள். வருகிறது. ரெட்டிட்டுக்குக் கூகிள் வருஷத்துக்கு 6 கோடி டாலர் தரும் ஒப்பந்தம் 2024ல் ஆயிற்று. ரூபர்ட் முர்டாக் குடும்பத்தின் நியூஸ் கார்ப் ஓப்பன்ஏஐயோடு ஒப்பந்தம் போட்டது. வழக்கறிஞர் வைத்திருப்பவனுக்கு விலை கிடைக்கிறது. பசை ஜோக் எழுதியவனுக்கு ஒன்றுமில்லை. முந்நூறு பிரதி அச்சிட்டு, பழைய இதழ்களை யாரோ ஒரு நண்பர் உட்கார்ந்து தட்டச்சு செய்து வலையேற்றிய சிறுபத்திரிகைக்கும் ஒன்றுமில்லை. பணம்கூடப் போகட்டும், அது என்றைக்கு வந்தது? ஆனால் சிறுபத்திரிகைக்கு வருமானம் என்று ஒன்று உண்டு. எங்கிருந்தோ ஒருவன் தேடிக்கொண்டு வந்து, இதை எழுதியவன் யார் என்று கேட்பான். அந்த ஆள் வருகிற வழியில்தான் இப்போது வாயிற்காவலன் உட்கார்ந்துகொண்டு, உள்ளே போக வேண்டாம், அவர் சொன்னதை நானே சொல்கிறேன் என்கிறான்.

ஒரு கருத்தைச் சொல்கிறவன் கையெழுத்துப் போட வேண்டும். தப்பாகச் சொல்லியிருந்தால் அடுத்த இதழில் அவன் சட்டையைப் பிடிக்க முடிய வேண்டும். நாம் ஒருவரையொருவர் இவ்வளவு கடுமையாகத் திட்டிக்கொண்டு வந்ததற்கு இதைத் தவிர வேறு நியாயம் கிடையாது. எந்திரத்தின் சட்டையை யாரும் பிடிக்க முடியாது. அதன் முதலாளிகள் இருவரும், பதில்களில் தவறு இருக்கலாம் என்று அடியில் ஒரு வரி அச்சிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவர்களில் யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டுகிறவர்கள் கட்டட்டும். இந்தப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள், யாரையாவது மேற்கோள் காட்டினால், இதழையும் பக்கத்தையும் தாங்களே திறந்து பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும்.