அது உனக்குச் சொந்தமா?

போன மாசம் டவுன் பஸ்ல ஒரு அம்மா கட்டையை ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார். 'ஏ நொண்டி, ஏறித் தொலை' என்றான் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நம்ம சேரித் தோழரும் சிரித்தார். காலையில்தான் வன்கொடுமை வழக்குக்காக என்னோடு கோர்ட்டில் நின்றவர்.

'அந்தம்மாவுக்குப் பேரில்லையா?' என்று எழுந்து கேட்டேன்.

'ஏன்யா, அது உனக்குச் சொந்தமா?'

ஆமாய்யா, சொந்தந்தான். நாலு பேர் பார்க்கச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் ஆறு மாசம் முதல் அஞ்சு வருஷம் வரை சிறை என்றது 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவிலும் ஏறக்குறைய அதே வாசகம், அதே தண்டனை. நம்ம வலியைப் பார்த்து எழுதின மாதிரியே இருக்கு. நாமதான் படிக்கல.

மேடையேறினால் 'செவிட்டு அரசே' என்கிறோம். (நானும் கத்தியிருக்கேன்.) அரசு செவிடில்லை தோழர். நல்லாக் கேட்குது, கேட்டுட்டுத்தான் சும்மா இருக்கு. அந்த அயோக்கியத்தனத்துக்குக் காது கேளாதவரை ஏன் இழுக்கணும்?

இறங்கியதும் தோழரிடம் கேட்டேன். 'வெளயாட்டுக்குத்தானே சிரிச்சோம்' என்றார்.

காலையில கோர்ட்ல எதிராளியும் அதையேதான் சொன்னான்.