நாணயமான முதலீடா?

'வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய்க் காசு இருக்கா? நீங்க லட்சாதிபதி!' என்று செல்போனில் சேதி வராத ஆசாமி நம் ஆபீஸ்களில் ரொம்ப அபூர்வம். அந்தக் காசை விட அபூர்வம். 2012-ல் அரசாங்கம் வெளியிட்ட காசு அது. கடையில் நீட்டினால் அஞ்சு ரூபாய்க்குத்தான் கடலைமிட்டாய் தருவார்கள்.

லட்சம் தருகிறேன் என்கிற புண்ணியவான் முதலில் ரெஜிஸ்ட்ரேஷன், கமிஷன், டாக்ஸ் என்று உங்களிடம்தான் கொஞ்சம் கறப்பார். 'எங்கள் பெயரைச் சொல்லி இப்படிக் கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள்' என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

சரி, அது மோசடி. நிஜமாகவே அபூர்வமான காசு என்றால்? நண்பர் ஒருவர் தீபாவளி போனஸை அப்படியே பழங்காசில் போடலாமா என்று கேட்கிறார். பி.காம். படித்தவனுக்குக் கணக்கு வரும் என்பது ஊரில் உள்ள மூடநம்பிக்கைகளில் ஒன்று. போட்டுப் பார்த்தேன்.

கஞ்சத்தனம் வேண்டாம், உலகத்திலேயே உசத்தியான காசை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கா 1933-ல் அடித்த 20 டாலர் தங்கக் காசு. பெயர் டபுள் ஈகிள், இரட்டைக் கழுகு. அடித்தது 4,45,500. தங்கக் காசே புழங்கக் கூடாது என்று ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டதால், வெளியே விடாமல் உருக்கிவிட்டார்கள். தப்பியது சில. அதில் தனியார் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதித்தது ஒன்றே ஒன்று.

அதை 2002-ல் நியூயார்க் ஏலத்தில் ஸ்டூவர்ட் வைட்ஸ்மன் என்ற ஷூ டிசைனர் சுமார் 76 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2021-ல் அது சுமார் 189 லட்சம் டாலருக்குப் போயிற்று. ரெண்டரை மடங்கு! வாயைப் பிளக்காதீர்கள், நடுவில் 19 வருஷம் இருக்கிறது. கூட்டு வட்டிக் கணக்கில் வருஷத்துக்கு 5 சதவீதம் கூடத் தேறவில்லை. அதிலும் ஏலக் கம்பெனியின் கமிஷன் அடக்கம்.

அதே 19 வருஷத்தில் சாதாரணத் தங்கக் கட்டி, டாலர் விலையில் ஏறக்குறைய ஆறு மடங்காயிற்று. கழுகு பறந்ததை விட அதன் வயிற்றுக்குள் இருந்த தங்கம் உயரப் பறந்திருக்கிறது.

உலகத்து நம்பர் ஒன் காசுக்கே இந்த கதி. நம்முடையது?

காசு குட்டி போடாது. வட்டி கிடையாது, டிவிடெண்ட் கிடையாது. வாங்கும்போது ஒரு விலை, அதே கடையில் திருப்பி விற்கப் போனால் வேறு விலை. போலி எது, அசல் எது என்று பழகின கண்ணுக்குத்தான் தெரியும். வயசானாலே விலை ஏறும் என்பதும் பிரமை. ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக் காசுக்கு ஆயிரம் வயசு. நிறையக் கிடைப்பதால் மலிவு.

தாத்தா பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் கிடைத்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் சீந்த மாட்டார்கள். அப்புறம் அது வெறும் 11.66 கிராம் எடை, 91.7 சதவீதம் வெள்ளி. சரி, வெளிநாட்டுக்காரனுக்கு விற்கலாமென்றால், நூறு வயசு தாண்டிய காசு 1972-ம் வருடச் சட்டப்படி தொல்பொருள். நீங்களும் நானும் ஏற்றுமதி செய்ய முடியாது.

அப்படியானால் சேர்க்கவே கூடாதா? தாராளமாகச் சேருங்கள். சரித்திரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற சுகம் எந்த ஃபிக்ஸட் டெபாசிட்டிலும் கிடையாது. ஆனால் அது சினிமாவுக்கும் புஸ்தகத்துக்கும் ஒதுக்குகிற பணத்திலிருந்து வரட்டும். போனஸ் பேங்கிலேயே இருக்கட்டும். ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி கவுண்டரில் சோழர் காசை நீட்டினால், 'சில்லறை வேண்டாம் சார், நோட்டா குடுங்க' என்பார்கள்.

இதையும் மீறி வாங்குவேன் என்றால், காசைப் பார்ப்பதற்கு முன்னால் விற்கிறவரின் நாணயத்தைப் பாருங்கள். இந்தக் காலத்தில் அதுதான் நிஜமாகவே அபூர்வம்.