சலுகை உரிமையாகாது

ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலே ஜோர்ஜ்ரவுண் பகுதி நெல்லுக்குப் பேர்போனது. 1840ஆம் ஆண்டளவில் அந்நாட்டு நெல் விளைவில் ஏறத்தாழப் பாதி அங்கே விளைந்தது. சதுப்பு நிலத்தைத் திருத்தி, வரம்பு கட்டி, கடற்பெருக்கால் உயரும் ஆற்றுநீரை மதகு வைத்து வயலுக்குப் பாய்ச்சியவர்கள் ஆபிரிக்க அடிமைகள். வயலில் இறங்கிய உழவர் எவரும் அவ்வேலையின் அருமையை அறிவர். ஆனால் விளைந்த நெல் மட்டுமன்று, விளைவித்தவனும் அங்கே நிலக்காரனின் உடைமை!

1832 முதல் அப்பகுதிக் குருவானவராயிருந்த அலெக்சாந்தர் கிளெனி, பண்ணைதோறும் சென்று அடிமைகளுக்குப் போதித்தார். அவர்களுக்கெனச் சிற்றாலயங்களும் எழுந்தன. ஹாக்லிப் பண்ணையின் புனித மரியாள் சிற்றாலயம் அவற்றுள் பெயர்பெற்றது. பண்ணை முதலாளி பிளௌடன் வெஸ்ரன். ஆலயத்தைக் கட்டியவர் ரெண்டி ரக்கர் என்னும் அடிமைத் தச்சர். தொழுவதற்கு ஆலயம் அளித்தது தருமமன்றோ என வினவுவாரும் உளர்.

அதற்கு விடை சட்டப் புத்தகத்தில் உள்ளது. 1834ஆம் ஆண்டுச் சட்டப்படி, அடிமைக்கு எழுத்தறிவிக்கும் வெள்ளையருக்கு 100 டொலர் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை. கற்பிப்பவர் அடிமையாயின் 50 கசையடி வரை. ஆகவே, ஆலயத்திலே வேதத்தைக் காதால் கேட்கலாம். கண்ணால் வாசிக்கக் கற்பித்தல் குற்றம். எதைக் கேட்பது என்பதையும் பிறரே தீர்மானித்தனர்.

கறுப்பின மக்கள் தாமே நடத்திய ஆலயத்துக்கு நேர்ந்தது யாது? சார்ள்ஸ்ரன் நகரிலே அத்தகைய ஆலயமொன்று இருந்தது. 1822இல் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டாரென்று அச்சபையைச் சேர்ந்த டென்மார்க் வீசி உட்பட 35 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஆலயமும் தரைமட்டமாக்கப்பட்டது. முதலாளி அளித்த ஆலயத்துக்கு அனுமதி. மக்கள் தாமே அமைத்த ஆலயத்துக்கு அழிவு! ஆள்வோர் அஞ்சியது வழிபாட்டை அன்று. ஒரு மக்கட் கூட்டம் தானே கூடித் தன் காரியத்தைத் தானே நடத்துவதையே அஞ்சினர்.

1865இல் அடிமைத்தளை அறுந்தது. அவ்வாண்டே சார்ள்ஸ்ரன் மக்கள் தம் சபையை வெளிப்படையாக மீண்டும் நிறுவினர்.

பண்ணை ஆலயங்களின் வரலாற்றை எழுதுவோர் முதலாளியின் தயாளத்தை மட்டும் எழுதி ஓய்தல் நீதியன்று. தச்சரின் பெயரும் 1834ஆம் ஆண்டுச் சட்டமும் அதே பக்கத்தில் இடம்பெறல் வேண்டும். கொடுத்தவன் விருப்பத்திலே நிற்பது சலுகை. எவர் விருப்பத்தையும் வேண்டாது நிற்பதே உரிமை. இவ்வேற்றுமையை மறந்த இனம் தன் கையால் கட்டிய ஆலயத்திலும் விருந்தாளியாகவே நிற்கும்.