ஊசி போட்ட மறுநாளே மூட்டை தூக்கலாமா?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் லாரி வந்து நின்றால் சரக்கு இறங்கியே தீர வேண்டும். மிளகோ, சுக்கோ, அரிசியோ, எதுவானாலும் அதைத் தாங்குவது தொழிலாளியின் முதுகும் முழங்காலும்தான். இருபது வருஷம் சுமை தூக்கியவருக்கு முட்டி தேய்வதில் ஆச்சரியமில்லை. பக்கத்து ஃபோர்ட் கொச்சி டோபி கானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி துவைத்து வரும் தமிழர்களும் நின்றும் குனிந்தும் செய்யும் வேலைதான் அது.

வலி முற்றியதும் டாக்டரிடம் வைக்கும் வேண்டுகோள் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு ஊசி போட்டு விடுங்க சார், நாளைக்கு வேலைக்குப் போகணும்." கேட்பவர் மீது குற்றமில்லை. நாளைக்குப் போகாவிட்டால் நாளைக்குக் கூலி இல்லை. ஆனால் ஊசிக்குப் பின் ஓய்வே இல்லாமல் உழைத்தால் மூட்டு என்ன ஆகும் என்பதை அறிய, பந்தயக் குதிரையின் கதையைக் கேட்பது நல்லது.

கார்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தின் பயனைக் கண்டறிந்தவர்களுக்கு 1950ல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே அந்த இன மருந்தை மனிதரின் மூட்டுக்குள் நேரடியாகச் செலுத்தும் முறை மருத்துவ உலகில் வெளியாயிற்று. பிறகு அது குதிரை லாயத்துக்கும் போனது. நொண்டிய குதிரை சில நாளில் ஓடியது. வீக்கம் வடிந்தது, வலி அடங்கியது. ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு வளரவில்லை. வலி என்பது உடம்புக்குக் காவல்காரன். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டு ஓடினால், உள்ளே விரிசல் விடுவது யாருக்குத் தெரியும்?

அமெரிக்காவில் நியூயார்க்கின் அக்விடக்ட் பந்தயத் திடலில் 2011 நவம்பர் இறுதி முதல் 2012 மார்ச் வரை 21 குதிரைகள் மாண்டன. விசாரித்த குழு, அவற்றில் ஏறத்தாழ பாதிச் சாவுகளைத் தவிர்த்திருக்கலாம் என்று கருதியது. பந்தயத்துக்கு முன் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போடும் வழக்கத்தையும், போதிய ஓய்வின்மையையும் அது கண்டித்தது. சூதாட்ட விடுதியின் வருமானத்தால் பரிசுத் தொகை ஏறியிருந்தது. பரிசு ஏற ஏற, குதிரையின் காலைப் பற்றிய கவலை இறங்கியது.

ஊசியால் வேறு ஆபத்துகளும் உண்டு. அரிதாகவேனும் ஊசி வழியே கிருமி புகுந்து மூட்டில் சீழ் பிடிக்கலாம். குதிரைக்குக் குளம்பின் உட்புறம் வீங்கி நிற்கவே முடியாமல் போகும் கொடிய நோய் வரக்கூடும் என்ற அச்சமும் உண்டு. சில வகை மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பே கெடும். இவற்றையெல்லாம் கண்ட பிறகு, 2023ல் அமலுக்கு வந்த அமெரிக்க விதி ஒன்று சொல்கிறது: மூட்டில் ஊசி போட்ட குதிரை 14 நாட்களுக்குப் பந்தயத்தில் ஓடக் கூடாது, 7 நாட்களுக்கு வேக ஓட்டப் பயிற்சியும் கூடாது.

தமிழருக்குக் குதிரைப் பந்தயம் என்றால் கிண்டி நினைவுக்கு வரும். பந்தயத்தை ஒழிக்க 1974ல் தமிழகத்தில் சட்டம் வந்தது. அது சூதாட்டமல்ல, திறமை விளையாட்டு என்று 1996ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அங்கே வழக்கு பணத்தைப் பற்றியது. குதிரையின் காலுக்கு எத்தனை நாள் ஓய்வு என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விதான் சுமை தூக்கும் மனிதனுக்கும் பொருந்துகிறது.

மனிதரிடமும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முழங்கால் தேய்மானமுள்ள 140 பேரை அமெரிக்க டாக்டர்கள் இரு பிரிவாக்கினர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுகள், ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டும் மறு பிரிவுக்கு வெறும் உப்பு நீரும் ஊசியாகப் போட்டனர். முடிவு 2017ல் வெளியாயிற்று. ஸ்டீராய்டு பெற்றவர்களின் குருத்தெலும்பு அதிகமாகத் தேய்ந்திருந்தது. வலி குறைந்ததில் இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை.

இதனால் ஊசியே விஷம் என்று எண்ணிவிடக் கூடாது. வீங்கிய முட்டிக்கோ, குமாஸ்தாவின் இறுகிப்போன தோளுக்கோ, தகுந்த டாக்டர் தகுந்த நேரத்தில் போடும் ஊசி சில வாரங்கள் நிம்மதி தரும். அந்த நிம்மதியில் உடற்பயிற்சி செய்து தசையை வலுவாக்கிக்கொள்ள வேண்டும். அதை விட்டுக் கூடுதல் மூட்டை தூக்கினால், பிழை மருந்தின் மேல் இல்லை.

போட்டுக்கொள்பவர் சில விஷயங்களைக் கேட்டறிய வேண்டும். மருந்தின் பெயர் என்ன? முந்தைய ஊசி போட்டு எத்தனை மாதமாயிற்று? எத்தனை நாள் பளு தூக்கக் கூடாது? இவற்றைச் சீட்டில் எழுதி வாங்கி வைப்பது நல்லது. சர்க்கரை நோயாளிக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பின் காய்ச்சலோ, மூட்டில் சூடும் சிவப்பும் கூடும் வலியுமோ கண்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆனால் ஓய்வு எடு என்று டாக்டர் சொல்வது சுலபம். அந்த நாட்களில் அடுப்பு எரிய வேண்டுமே! ஈ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளி உரிய சந்தா செலுத்தியிருந்தால், நோய்க்காலத்தில் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்க வழியுண்டு. சுமை தூக்குவோருக்காகக் கேரளம் 1978லேயே தனிச் சட்டம் இயற்றி, நல வாரியமும் அமைத்தது. ஆனால் பெயர் பதிவாகாத தொழிலாளிக்கு இவை எட்டாக் கனிதான். ஊர் விட்டு வந்த தமிழர்களில் பதிவில்லாதவர்களைப் பதிவு செய்ய வைப்பது தொழிற்சங்கங்களின் பொறுப்பு. தமிழர் சங்கங்களின் பொறுப்பும்கூட. ஊசி போட்ட ஆளுக்குச் சில நாள் இலகுவான வேலை தருவதால் எந்த முதலாளியும் நொடித்துப் போய்விட மாட்டார்.

குதிரைக்கு வாய் இல்லை. ஆனாலும் அதற்காகப் பேச ஆள் இருந்தார்கள். 14 நாள் ஓய்வு கிடைத்தது. வாயுள்ள தொழிலாளி தனக்கு வேண்டிய நாட்களைக் கேட்டு வாங்கத் தயங்கலாமா?