முதலாளி கையிலே மருந்துச் சீட்டு!

நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுக்க வேண்டியவர் டாக்டர். ஆனால் அமெரிக்காவிலே டாக்டரின் வாசலை மிதிக்குமுன் இன்னொருவர் தயவு வேண்டியிருக்கிறது. அவர்தாம் முதலாளி. அந்நாட்டிலே பதினைந்து கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு வைத்தியக் காப்புறுதி வருவது வேலை கொடுப்பவர் வழியாகத்தான். வேலை இருக்கும் வரை காப்புறுதி அட்டை உண்டு. வேலை போனால் அட்டையும் போயிற்று! வேலையிழந்தவர் முழுச் செலவையும் தாமே கட்டினால் 18 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று 1986-ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் செய்தார்கள். 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஒரு குடும்பத்தின் காப்புறுதிக் கட்டணம் சராசரியாக ஆண்டுக்கு 25,572 டாலர். சம்பளம் நின்றுபோன மனிதன் மாதம் இரண்டாயிரம் டாலருக்கு மேல் எங்கே போய்ப் புரட்டுவான்?

இந்த ஏற்பாடு இருக்கலாமா, மாற வேண்டுமா என்று நூறாண்டுக்கும் மேலாக அந்நாட்டார் வழக்காடி வருகின்றனர். முதலாளிமார் ஒரு பக்கம், தொழிலாளர் மறுபக்கம் என்றிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் தொழிற்சங்கங்களே இரண்டுபட்டு நிற்கின்றன. “எல்லாருக்கும் பொதுவாக அரசாங்கமே வைத்தியம் தரட்டும்” என்கிறது ஒரு சாரார். “எங்கள் சங்கம் போராடி வாங்கித் தந்த காப்புறுதியே எங்களுக்குப் போதும், அதிலே கை வைக்காதீர்” என்கிறது மற்றொரு சாரார். சங்கத்தின் பெயராலே சொல்லப்படும் இந்த இரண்டாவது வாதம் தவறானது. அதற்கு முதலாளிகளின் பத்திரிகை பதில் சொல்லாது. சங்கப் பத்திரிகைதான் சொல்ல வேண்டும்.

கோம்பர்ஸ் போட்ட கணக்கு

இந்தப் பிளவு நேற்று வந்ததல்ல. 1915-ஆம் ஆண்டிலே தொழிலாளர் சட்டங்களுக்காகப் பாடுபட்ட அறிஞர் குழு ஒன்று, கூலி உழைப்பாளிகளுக்குக் கட்டாய வைத்தியக் காப்புறுதி வேண்டுமென்று மசோதா தயாரித்தது. நியூயார்க் மாநிலத் தொழிற்சங்கச் சம்மேளனம் அதை ஆதரித்தது. ஆனால் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸ் எதிர்த்தார். அரசாங்கம் எல்லாம் கொடுத்தால் தொழிலாளிக்குச் சங்கத்தின்மேல் பிடிப்புப் போய்விடும், அரசாங்கம் தொழிலாளியின் வாழ்விலே தலையிட வழி பிறக்கும் என்பது அவர் அச்சம். காப்புறுதிக் கம்பெனிகளும் டாக்டர்களும் முதலாளிமாரும் எதிர்த்த அதே மசோதாவைத் தொழிலாளர் தலைவரும் எதிர்த்தார்! 1919-ல் நியூயார்க் மேல்சபையில் நிறைவேறிய மசோதா, கீழ்ச்சபையிலே புதைக்கப்பட்டது.

கோம்பர்ஸ் முதலாளிக்கு விலைபோனவரல்ல. ஆனால் அவர் போட்ட கணக்கு தப்பிப்போயிற்று. அரசாங்கத்தின் கையை விலக்கினார். அந்த இடத்திலே முதலாளியின் கை வந்து உட்கார்ந்தது.

எப்படி வந்தது? இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942-ல், அரசாங்கம் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் காப்புறுதி போன்ற சலுகைகளுக்கு விலக்குத் தந்தது. ஆள் பஞ்சத்திலே தவித்த கம்பெனிகள், சம்பளத்தைக் கூட்ட முடியாமல் காப்புறுதியைக் காட்டி ஆள் பிடித்தன. 1954-ஆம் ஆண்டு வரிச் சட்டம் அந்தப் பணத்துக்கு வரிவிலக்கை உறுதிப்படுத்தியது. யுத்தகாலத்திலே போட்ட ஒட்டுத்துணி, நாளடைவில் முழுச் சட்டையாகிவிட்டது.

இடையிலே 1945 நவம்பரில் ஜனாதிபதி ட்ரூமன் தேசிய வைத்தியக் காப்புறுதி வேண்டுமென்று காங்கிரஸ் சபைக்குச் செய்தி விடுத்தார். அமெரிக்க மருத்துவர் சங்கம் பொங்கி எழுந்தது. 1948-ல் தன் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் வசூலித்தது. விளம்பர வல்லுநர்களை அமர்த்திக்கொண்டு, “சோஷலிச வைத்தியம் வருகிறது” என்று ஊரையே பயமுறுத்தியது. திட்டம் வீழ்ந்தது. பொதுவிலே கேட்டது கிடைக்காதபோது சங்கங்கள் ஒப்பந்த மேசையிலே கேட்டன. 1950-ல் மோட்டார் தொழிலாளர் சங்கம் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியோடு செய்த ஒப்பந்தத்திலே காப்புறுதிச் செலவில் பாதியைக் கம்பெனி ஏற்றது. அன்றைய நிலையில் அது வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வெற்றிக்குள்ளேயே விலங்கும் இருந்தது.

சுரங்கத்திலே கிடைத்த பாடம்

நம் பால்மரத் தொழிலாளர் நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய கதை ஒன்று உண்டு. ஜான் எல். லூயிஸ் தலைமையில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் 1946-ல் வேலைநிறுத்தம் செய்து, வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் 5 சென்ட் வீதம் சேமநல நிதிக்குக் கட்ட வேண்டுமென்ற ஒப்பந்தத்தை வென்றெடுத்தனர். பிற்பாடு அந்தத் தொகை உயர்ந்தது. அந்த நிதியைக் கொண்டு கென்டக்கி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதிகளில் பத்து ஆஸ்பத்திரிகளைக் கட்டினர். கம்பெனி டாக்டரையே கதியென்று கிடந்த இடத்திலே 1950-களின் நடுவில் முதல்தர ஆஸ்பத்திரிகள்! தொழிலாளர் இயக்கம் மார்தட்டிக்கொள்ளத்தக்க சாதனை அது.

பிறகு என்ன நடந்தது? வீடுகளும் ரயில்களும் எண்ணெய்க்கு மாறின. நிலக்கரி விற்பனை சரிந்தது. சுரங்கங்களிலே இயந்திரம் புகுந்தது, ஆள் குறைந்தது. டன் குறைந்தால் சென்ட் குறையும். சென்ட் குறைந்தால் மருந்து குறையும். 1960-களின் தொடக்கத்திலே வேலையற்ற சுரங்கத் தொழிலாளர் பலரின் வைத்திய அட்டைகள் ரத்தாயின. சங்கம் கட்டிய ஆஸ்பத்திரிகள் கைமாறின. கென்டக்கி மலைகளிலே தொழிலாளர் சுரங்கம் சுரங்கமாகச் சென்று மறியல் செய்தனர். துரோகம் செய்தவர் யாருமில்லை. நிதி நின்ற அடித்தளமே அப்படி. சரக்கின் விலையோடு கட்டிய மருந்து, சரக்கோடு சேர்ந்தே விழும். ரப்பர் விலை ஏறி இறங்குவதைக் கண்ட நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

லாஸ் வேகஸ் தோழர்களுக்கு

இப்போது இன்றைய வழக்குக்கு வருவோம். நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகஸ் நகரிலே ஹோட்டல் சமையல் தொழிலாளர் சங்கம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 60,000 உறுப்பினர். வீரம் செறிந்த சங்கம். 1991-ல் ஒரு சூதாட்ட ஹோட்டலில் தொடங்கிய வேலைநிறுத்தத்தை 1998 வரை, ஆறாண்டுக்கு மேல், நடத்தி வென்றார்கள். மறியல் வரிசையைக் கடந்து ஒருவர்கூட வேலைக்குத் திரும்பவில்லை என்பது அவர்கள் பெருமை. அந்தச் சங்கத்தின் வைத்திய நிதி, குடும்பத்தாரையும் சேர்த்து ஒரு இலட்சத்து முப்பதாயிரம் பேரளவில் காக்கிறது.

2020 பிப்ரவரியிலே, தேர்தல் களத்தில் நின்ற செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் எல்லாருக்கும் ஒரே அரசாங்கக் காப்புறுதி என்றார். இந்தச் சங்கம் அதை எதிர்த்துத் துண்டறிக்கை விட்டது. அவர்கள் வாதத்தை நேர்மையாகச் சொல்வோம்: சம்பள உயர்வை விட்டுக்கொடுத்து, தெருவிலே நின்று, இந்தக் காப்புறுதியை வாங்கினோம். இது கையிலே இருக்கும் பொருள். அரசியல்வாதி தருவதோ வெறும் வாக்கு. கையிலிருப்பதை விட்டுவிட்டு வாக்கை நம்புவதா?

இது அற்பமான வாதமன்று. வாக்குக் கொடுத்து ஏமாற்றிய அரசியல்வாதிகளை நாமும் கண்டிருக்கிறோம். ஆயினும் மூன்று கேள்விகளை அத்தோழர்கள் முன் வைக்கிறோம்.

முதல் கேள்வி: அந்த நிதி எதன்மேல் நிற்கிறது? வேலை நேரத்தைக் கணக்கிட்டு முதலாளி செலுத்தும் பணத்தின்மேல். துண்டறிக்கை வந்த மறு மாதமே, 2020 மார்ச்சில், கொள்ளைநோய் வந்து லாஸ் வேகஸ் சூதாட்ட மண்டபங்கள் அனைத்தும் மூடப்பட்டன. உறுப்பினரில் மிகப் பெரும்பாலோர் வேலையிழந்தனர். நோய் பரவும் காலத்திலேதான் மருந்துக்குரிய வருவாய் நிற்கிறது! இதைவிடப் பெரிய குறை வேறு என்ன வேண்டும்?

இரண்டாவது கேள்வி: வேலைநிறுத்தத்தின்போது அந்த அட்டை யாருக்கு ஆயுதம்? 2019 செப்டம்பர் 16 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர் ஏறத்தாழ 48,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மறுநாளே கம்பெனி அவர்களுக்குக் காப்புறுதிப் பணம் கட்டுவதை நிறுத்தியது. சங்கம் தன் போராட்ட நிதியிலிருந்து அந்தச் சுமையைத் தூக்க வேண்டியதாயிற்று. நாடெங்கும் கண்டனம் எழவே சில நாட்களில் கம்பெனி பின்வாங்கியது. போராட்டம் 40 நாள் நீடித்தது. தோழர்களே, அந்தச் சில நாட்களை எண்ணிப் பாருங்கள். பட்டினியைத் தாங்கிக்கொள்ளும் தொழிலாளி, புற்றுநோய் மருந்து வேண்டியிருக்கும் மனைவியை என்ன செய்வான்? சங்கம் வாங்கித் தந்த சலுகை, சங்கத்தின் கழுத்தையே நெரிக்கும் கயிறாகவில்லையா?

மூன்றாவது கேள்வி: அந்தப் பணம் யாருடையது? 25,572 டாலரில் தொழிலாளி நேராகக் கட்டும் பங்கு சராசரி 6,296 டாலர். மீதியை முதலாளி தருகிறார் என்பார்கள். எங்கிருந்து தருகிறார்? ஒப்பந்த மேசையிலே சம்பளமாக வர வேண்டியதைக் காப்புறுதியாகத் தருகிறார். ஆண்டுக்காண்டு கட்டணம் ஏறுகிறது. சங்கம் இருப்பதைக் காப்பதற்கே தன் பலத்தையெல்லாம் செலவிடுகிறது.

தலைவர்கள் துண்டறிக்கை விட்டார்கள். தொண்டர்கள் என்ன செய்தார்கள்? 2020 பிப்ரவரி 22 அன்று நெவாடாவில் கட்சி வாக்கெடுப்பு நடந்தபோது, அந்த ஹோட்டல் தொழிலாளர்களே வந்து வாக்களித்த கூடங்கள் பலவற்றிலும் சாண்டர்ஸ் வென்றார்!

வரிசையும் வரியும்

முதலாளி தரப்பு வாதங்களுக்கும் பதில் சொல்லிவிடுவோம். அரசாங்க வைத்தியம் என்றால் வரி ஏறும் என்கின்றனர். ஏறும்தான். ஆனால் காப்புறுதிக் கட்டணம் வரியல்லாமல் வேறு என்ன? வரியாவது வருமானத்துக்கேற்ப வரும். கட்டணமோ மேலாளருக்கும் கூட்டிப் பெருக்குபவருக்கும் ஒரே தொகை. 2023-ல் அமெரிக்கா வைத்தியத்துக்காகச் செலவிட்டது 4.9 இலட்சம் கோடி டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 விழுக்காடு. உலகிலே எந்தப் பெரிய நாடும் இவ்வளவு செலவிடுவதில்லை. இவ்வளவும் செலவிட்டு, அதே ஆண்டிலே ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சம் பேருக்குக் காப்புறுதியே இல்லை.

கனடாவைப் பார், நிபுணரைக் காண மாதக்கணக்கிலே காத்திருக்கிறார்கள் என்கின்றனர். உண்மைதான்; மறைக்கத் தேவையில்லை. கனடா அதைச் சீர்செய்ய வேண்டும். ஆனால் அமெரிக்காவிலே வரிசை ஏன் குட்டையாகத் தெரிகிறது? பணமில்லாதவன் வரிசைக்கே வருவதில்லை!

விரும்பிய டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் போய்விடும் என்கின்றனர். இன்று கம்பெனி தரும் பட்டியலிலுள்ள டாக்டரிடம்தான் தொழிலாளி போகிறான். முதலாளி காப்புறுதிக் கம்பெனியை மாற்றினால் பட்டியலும் மாறும். சுதந்திரம் இருக்கிறது, அது முதலாளியிடம் இருக்கிறது.

கொஞ்சம் கொஞ்சமாக என்போருக்கு

படிப்படியாகச் சீர்திருத்தினால் போதும் என்பார் உளர். படிகளை நாம் பழிக்கவில்லை. 1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம், 65 வயதானோர் அனைவருக்கும் மெடிகேர் என்ற காப்புறுதியையும், ஏழைகளுக்கு மெடிகெய்ட் என்ற உதவியையும் தந்தது. 2010-ல் ஒபாமா சட்டம், முன்பே நோய் இருந்தது என்று காரணம் காட்டிக் காப்புறுதி மறுப்பதைத் தடைசெய்தது. அவ்வாண்டிலே ஏறத்தாழ 4 கோடி 80 இலட்சமாக இருந்த காப்பற்றோர் தொகை பின்னர் பாதியளவுக்கு இறங்கியது. சிறிய காரியமா அது?

ஆனால் எந்தப் படி நின்றது, எந்தப் படி ஆடுகிறது என்று பாருங்கள். எல்லா முதியோருக்கும் தந்த மெடிகேரை ஒழிப்பதாகச் சொல்லித் தேர்தலுக்கு நிற்க எவருக்கும் துணிவில்லை. ஏழைக்கென்று தனியே தந்ததைத்தான் வெட்டுகிறார்கள். மெடிகெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 வரையிலும் 10 மாநிலங்கள் விரிவாக்கவில்லை. 2017-ல் ஒபாமா சட்டத்தையே கவிழ்க்கப் பார்த்தார்கள். செனட் சபையிலே 49-க்கு 51 என்ற வாக்கில் அது தப்பியது. காப்புறுதி உதவித்தொகை பற்றிய சண்டையிலே 2025 அக்டோபர் முதல் 43 நாள் அரசாங்க அலுவலகங்கள் முடங்கின. ஆண்டு முடிவிலே, உயர்த்தித் தந்த உதவித்தொகை காலாவதியாயிற்று.

2025 ஜூலையில் வந்த சட்டமோ, மெடிகெய்ட் பெறும் உடலுழைப்புக்குரிய வயதினர் பலர் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டுமென்கிறது. அச்சட்டத்தால் 2034-க்குள் இன்னும் ஒரு கோடிப் பேர் காப்பிழப்பர் என்று காங்கிரஸ் சபையின் வரவுசெலவு அலுவலகமே மதிப்பிட்டது. கவனித்தீர்களா? ஏழையின் மருந்தையும் கொண்டுபோய் வேலைச் சீட்டோடு முடிந்துவிட்டார்கள்!

நாம் கண்டதுதான்

தோட்ட மக்களுக்கு இந்த முடிச்சு புதிதல்ல. நம் தாத்தா பாட்டிமாருக்குத் தோட்டத்து டிரெசர் கொடுத்ததுதான் மருந்து. டிரெசருக்குச் சம்பளம் கொடுத்தது நிர்வாகம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்திலே வேலை, லயத்து வீடு, மருந்து மூன்றும் ஒரே அறிவிப்பிலே கைவிட்டுப் போயின. இன்று அரசாங்கக் கிளினிக்கிலே ஒரு ரிங்கிட் கொடுத்துச் சீட்டு வாங்கும் பிரஜையிடம், “உன் முதலாளி யார்?” என்று கேட்டு மருந்து கொடுப்பாரில்லை. அங்கும் கூட்டம் உண்டு; காத்திருப்பு உண்டு; குறைகள் உண்டு. ஆனால் வேலைநிறுத்தத்தில் நிற்பவனும் வேலையிழந்தவனும் அந்த வரிசையிலே தலைநிமிர்ந்து நிற்கலாம்.

அமெரிக்கத் தோழர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே. நீங்கள் வென்றதை வீசி எறியச் சொல்லவில்லை. அதை எல்லாருக்கும் உரியதாக்குங்கள். அப்போது எந்த முதலாளியும் அதைக் காட்டி உங்களை மிரட்ட முடியாது. மருந்துக்காகப் பேரம் பேசும் தொல்லை நீங்கினால், சங்கம் சம்பளத்துக்காகவும் வேலை நேரத்துக்காகவும் முழுப் பலத்தோடு பேரம் பேசும். சங்கத்தின்மேல் பிடிப்புப் போய்விடுமே என்று கோம்பர்ஸ் அஞ்சினார். நோயைக் காட்டிப் பிடித்துவைக்க வேண்டிய அளவுக்கு நம் சங்கங்கள் பலவீனமானவையா?

மருந்துச் சீட்டு டாக்டர் கையிலே இருக்கட்டும். முதலாளி கையிலிருந்து அதைப் பிடுங்குவதே சங்கத்தின் வேலை!