கடலில் யார் தள்ளுவது?

கார் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் நாலு பேர் தள்ளினால் போதும். கடலில் நின்றுபோன படகை யார் தள்ளுவது?

நான் பழவேற்காட்டுப் பையன். ஏரியிலிருந்து கடலுக்குப் போக முகத்துவாரம்தான் வழி. மணல் மேடிட்டு ஆழம் குறைந்த இடம். அலை அங்கேதான் உடையும். போன லீவில் சரியாக அங்கே மாமாவின் படகு இஞ்சின் நின்றது. மாமா ஹேண்டில் போட்டார், பிடிக்கவில்லை. படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. "டிப்ளமோ படிக்கிறியே, எதாவது பண்ணுடா!" என்று கத்தினார். எனக்குக் கை ஓடவில்லை. ஆறாவது தடவை எப்படியோ பிடித்தது, கரை சேர்ந்தோம்.

1912-லேயே காடிலாக் காரில் மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. அதை நாம் பரீட்சையில் அழகாகப் படம் போடுகிறோம். ஆனால் ஹேண்டில் போடும் ஒற்றை சிலிண்டர் டீசலைத் தொட்டிருக்கிறோமா?

டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டில்தான் எரிய வேண்டும். மெதுவாகச் சுற்றினால் காற்று ரிங் வழியே கசியும், சூடும் சிலிண்டர் சுவரோடு போய்விடும். ஆகவே டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்துச் சுற்றி, ஃபிளைவீல் வேகம் எடுத்ததும் லீவரை விட வேண்டும். முரட்டு பலத்தைவிட வேகம்தான் முக்கியம். டீசல் பைப்பில் காற்று புகுந்தால் எவ்வளவு சுற்றினாலும் நாசில் அடிக்காது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை காற்றை எடுக்க வேண்டும். டீசலில் தண்ணீர் கலந்தாலும் தொல்லைதான். கரையில் மாமாவின் இஞ்சினைப் பிரித்தபோது ஃபில்டர் அடியில் தண்ணீர் நின்றது!

"செல்ஃப் மோட்டார் வெச்சா தீர்ந்துது" என்பீர்கள். உப்புக் காற்றில் பாட்டரி டெர்மினல் பூத்துப்போகும். பாட்டரி நன்றாக இருந்தாலும் தண்ணீர் கலந்த டீசலுக்கு செல்ஃப் மோட்டார் என்ன செய்யும்?

என் கருத்து இதுதான். நம் ஒர்க்‌ஷாப்பில் உப்பு தின்ற படகு இஞ்சின் ஒன்று வேண்டும். அதை ஸ்டார்ட் செய்து காட்டினால்தான் பிராக்டிகல் மார்க் என்று வைக்கட்டும். லீவு நாளில் நாலு பேர் ஸ்பேனரோடு குப்பத்துக்கு வாருங்கள். ஃபில்டர் கழுவவும் காற்று எடுக்கவும் சொல்லிக் கொடுப்போம், அவர்களிடம் கற்றும் கொள்வோம். மீன் குழம்புச் சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு!

அடுத்த தடவை மாமா கத்தும்போது என் கை ஓட வேண்டும். உங்கள் கையும்தான்.