ஆமைக்கு வெயில் கேட்கிறோம்

"நம்ம ஊர்ல அடிக்கிற வெயிலுக்கு, ஆமைக்குத் தனியா ஒரு பல்பா? காசுக்குப் பிடிச்ச கேடு!" மாத்தளையில் சிவப்புக் காது ஆமை வளர்க்கும் நண்பர்களிடம் வெப்ப விளக்கு பற்றிப் பேசினால் கிடைக்கிற பதில் இதுதான்.

சரி, வெயில் அடிக்கிறது. ஆனால் ஆமை எங்கே இருக்கிறது? வீட்டு மூலையில், கண்ணாடித் தொட்டிக்குள்.

ஊர்வன தங்கள் உடம்புச் சூட்டை வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்கின்றன. தின்றது செரிப்பதும் நோயை எதிர்ப்பதும் அந்தச் சூட்டை நம்பித்தான். அதனால்தான் ஆமை கட்டையில் ஏறி வெயில் காய்கிறது, சூடு போதுமென்றால் தண்ணீருக்குள் குதிக்கிறது. தொட்டியில் தண்ணீர் சுமார் 25 பாகை என்றால், ஏறி உட்காரும் காய்ந்த இடம் 32 பாகையாவது இருக்க வேண்டும். அப்படியொரு இடமே இல்லாத தொட்டியில் அது நாள் முழுக்க நீந்திக்கொண்டே கிடக்கிறது.

"ஜன்னலோரம் வச்சிருக்கோமே?" போதாது. வெயிலிலுள்ள யுவிபி கதிர் தோலில் பட்டால்தான் விட்டமின் டி3 உருவாகும். அது இல்லாவிட்டால் கல்சியம் உடம்பில் சேராது, ஓடு மெத்தென்று ஆகும், எலும்பு வளையும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத்தான் மறிக்கிறது. அதுக்காகத் தொட்டியைத் தூக்கி உச்சி வெயிலில் வைத்தால், ஓட வழியில்லாமல் ஆமை வெந்துபோகும். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி இருக்க வேண்டும். எங்கே இருப்பது என்பதை ஆமைதான் தீர்மானிக்க வேண்டும்.

"அப்போ சூடு தேவைப்படாத மலை ஓணானைப் பிடிச்சு வளர்க்கலாமே?" கூடவே கூடாது. நக்கிள்ஸ் மலையின் இலைமூக்கு ஓணான் குளிர்ந்த, ஈரமான காட்டுக்குப் பழகியது. அது நம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். செல்லப்பிராணி வியாபாரத்துக்காகக் கடத்தப்பட்டதால், 2019இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கு வேண்டிய குளிரை எந்தப் பெட்டியாலும் தர முடியாது.

எங்கள் கோபம் விற்கிறவர்கள் மீதும்தான். காசளவு குஞ்சையும், பிளாஸ்டிக் தென்னை மரம் வைத்த கிண்ணத்தையும் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள். அந்தக் குஞ்சு சாப்பாட்டுத் தட்டளவுக்கு வளரும், இருபது வருஷத்துக்கு மேல் வாழும் என்று சொல்வதில்லை. வளர்ந்து தொல்லையானதும் சுது கங்கையில் விடுவது விடுதலை இல்லை. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களில் இதுவும் ஒன்று. உள்ளூர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் அது பிடுங்கும்.

ஏற்கெனவே வளர்க்கிறீர்களா? விளக்கு வாங்கக் காசில்லையென்றால், காலை வெயிலில் ஒரு அகலமான பேசினை வையுங்கள். பாதிக்கு நிழல், ஏற ஒரு கல், கொஞ்சம் தண்ணீர், காகம் கொத்தாமல் மேலே வலை. பக்கத்திலேயே இருங்கள். மழைக்காலத்தில் இது நடக்காது. அதனால் வெப்ப விளக்குக்கும் யுவிபி விளக்குக்கும் இப்போதே காசு சேருங்கள்.

இன்னும் வாங்கவில்லையா? ஆமையின் விலையை மட்டும் கேட்காதீர்கள், வெயிலின் விலையையும் சேர்த்துக் கேளுங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால் வாங்காதீர்கள்.